நடுநிலை வகித்த காடு

காட்டில் உங்களைத் தனியாக விட்டுவிட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள்?

சென்ற விடுமுறையில் ஜொகூர் காடு ஒன்றில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஈர விறகைச் சீவி உட்புறத்துக் காய்ந்த பகுதியில் தீ மூட்டுவது, மழைக்குத் தார்ப்பாய் கட்டுவது, ஆற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது என்று பலவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் தண்ணீர் எடுக்கப் போன நான் வழியைத் தவறவிட்டேன். நாற்பது நிமிடம்தான். பையில் கத்தி, தீப்பெட்டி, விசில் எல்லாம் இருந்தன. ஆனால் விசிலை ஊதவில்லை. ஊதினால் நண்பர்கள் சிரிப்பார்களே என்ற வெட்கம்!

பிடோக்கிற்குத் திரும்பியதும் நூலகத்தில் ஒரு பழைய நூலை இரவல் வாங்கினேன். 1949இல் வெளிவந்த ‘தி ஜங்கிள் இஸ் நியூட்ரல்’. ‘காடு நடுநிலையானது’ என்று பொருள். எழுதியவர் ஃபிரெடி ஸ்பென்சர் சாப்மன். மலாயாக் காட்டில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஒளிந்து வாழ்ந்தவர். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சாப்மன் 1907இல் லண்டனில் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். தந்தை 1916இல் சோம் போர்க்களத்தில் மடிந்தார். வயதான பாதிரியார் ஒருவரும் அவர் மனைவியும் வளர்த்த அந்தச் சிறுவனுக்கு மலையும் பறவைகளுமே தோழர்கள். கேம்பிரிட்ஜில் படித்து முடித்ததும், 1930இல் கிரீன்லாந்து ஆய்வுப் பயணத்தில் சேர்ந்தார். அங்கு இனுவிட் மக்களின் மொழியையும் வேட்டை முறைகளையும் கற்றார். 1936இல் பிரிட்டிஷ் தூதுக்குழுவுடன் திபெத்தின் லாசாவிற்குப் போனார். 1937 மே மாதம் பசாங் தாவா லாமாவுடன் 7,300 மீட்டருக்கும் உயரமான சொமொல்ஹாரி சிகரத்தில் முதன்முதலாகக் கால்பதித்தார். இடையிடையே பள்ளி ஆசிரியர் வேலை.

பனியில் வாழக் கற்றவரைப் போர் வெப்பக் காட்டிற்கு அனுப்பியது. 1941இல் சிங்கப்பூர் வந்தார். ஜூரோங்கில், தஞ்சோங் பாலாயில் இருந்த 101ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளியில் துணைத் தலைவரானார். எதிரி பிடித்த நிலத்தில் ஒளிந்திருந்து போரிடுவதற்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த சீன இளைஞர்களும் அங்கே பயின்று, ஜப்பானியப் படை தெற்கே இறங்க இறங்கக் காட்டிற்குள் அனுப்பப்பட்டார்கள். சாப்மனும் 1942 ஜனவரியில் காட்டிற்குள் நுழைந்தார்.

முதல் பாடமே கசப்பு. ரவூப் பக்கத்திலிருந்து நடுமலைத் தொடரைத் தாண்டித் தஞ்சோங் மாலிமை அடைய அவரும் இரு தோழர்களும் பன்னிரண்டு நாட்கள் நடந்தார்கள். உணவு தீர்ந்தது, மழையும் அட்டையும் விடவில்லை. கிரீன்லாந்தையே வென்றவர் இங்கே ஒரு நாளில் சில மைல்கூட நகர முடியாமல் திண்டாடினார்.

பிறகு இரண்டு வாரங்கள் இரவில் இரயில் பாதைகளையும் பாலங்களையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்போது அவர்கள் போட்ட வேடம் என்ன தெரியுமா? தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வேடம்! முகத்தில் கருமை பூசி, நம் பாட்டன்மாரைப் போல் உடுத்திக்கொண்டு சாலையில் நடந்தார்கள். இதைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் குடும்பமே தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். அவருக்கு அந்த வேடம் விடிந்ததும் கழுவிவிடக்கூடியது. உண்மையான தொழிலாளிக்கு அப்படியா? அதே ஜப்பானியர் காலத்தில்தான் பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, ஏராளமானோர் திரும்பி வரவேயில்லை.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பிறகு சாப்மனின் வாழ்க்கை சீனப் போராளிகளின் அத்தாப்புக் குடிசைகளில் கழிந்தது. சோறும் மரவள்ளிக்கிழங்கும் உணவு. மலேரியாவில் பல நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். 1944 மே மாதம் ஜப்பானியரிடம் பிடிபட்டு, அன்றிரவே கூடாரத்திலிருந்து நழுவி ஓடினார். இத்தனைக்கும் நடுவில் நாட்குறிப்பு எழுதினார், பறவைகளைக் கவனித்துக் குறித்தார். மனம் சோராமல் இருக்க அதுவே அவர் வழி.

அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. காயமே இல்லாத வீரர்கள் சிலர் காட்டைக் கண்டு மிரண்டு, வாழும் ஆசையை விட்டு, சில மாதங்களில் இறந்தார்கள். காடு கொல்வதுமில்லை, காப்பதுமில்லை. நம் மனநிலைதான் முடிவு செய்கிறது என்பது அவர் முடிவு.

இதை நான் பாதிதான் ஏற்கிறேன். சாப்மன் மனவலிமையால் மட்டும் பிழைக்கவில்லை. தங்களுக்கே போதாத அரிசியில் பங்கு கொடுத்த சீனக் கிராமத்தாரும், காட்டு வழி காட்டிய பூர்வகுடியினரும் இல்லாவிட்டால் அவர் இல்லை. அவரைச் சந்தித்த 136ஆம் படையில் சேர்ந்திருந்த லிம் போ செங் 1944 ஜூன் மாதம் பத்து காஜா சிறையில் மாண்டார். எஸ்பிளனேட் பூங்காவில் நாம் கடந்து செல்லும் நினைவுச்சின்னம் அவருடையதுதான்.

1945 மே மாதம் பங்கோர் தீவருகே ஒரு நீர்மூழ்கிக் கப்பல் சாப்மனை ஏற்றிச் சென்றது. போருக்குப் பின் இளைஞர்களுக்கு வெளிப்புறப் பயிற்சி அளிக்கும் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ அறக்கட்டளையின் முதல் அமைப்புச் செயலாளர் அவரே. அந்த இயக்கத்தின் கிளைதான் 1967இல் புலாவ் உபினில் தொடங்கிய பள்ளி. நம்மில் பலர் உயர்நிலைப் பள்ளி நாட்களில் அங்கே போய்க் கயிற்றில் தொங்கியிருப்போம்!

பின்னர் ஜெர்மனியிலும் தென்னாப்பிரிக்காவிலும் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். கடைசியாக ரெடிங் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிக் காப்பாளர். உடல் வலிகள் ஓயவில்லை. 1971 ஆகஸ்ட் 8இல், அறுபத்து நான்காம் வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

இந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்தாவது மாடிச் சன்னலில் நின்று பிடோக் நீர்த்தேக்கத்தின் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டை வென்றவர் ஒரு மாணவர் விடுதியில் தோற்றாரா? அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு மனிதரின் வலியை வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆனால் ஒன்று புரிந்தது. காட்டில் அவருக்கு யாரோ ஒருவர் எப்போதும் சோறு கொண்டு வந்தார்கள். அடுக்குமாடியிலும் விடுதியிலும் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

இரண்டாம் ஆண்டில் நான் இரண்டு பாடங்களில் தோல்வியடைந்தேன். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் நன்றாகப் படிக்கிறேன் என்றேன். மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் ஊதாத விசில்தான். கடைசியில் இந்தத் தமிழ்ப் பேரவையின் அக்கா ஒருவரிடம்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தேக்காவிற்கு அழைத்துப் போய்ச் சோறு வாங்கிக் கொடுத்தார். மறுநாள் ஆலோசகரிடமும் கூட்டிச் சென்றார்.

நண்பர்களே, தீ மூட்டக் கற்றுக்கொள்ளுங்கள், திசைகாட்டி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வழி தவறினால் வெட்கப்படாமல் விசிலை ஊதுங்கள். பக்கத்தில் யாராவது ஊதுவது கேட்டால், ஓடிப் போங்கள்.