கூஃபாவின் துணிக்கடைக்காரர் இமாம் அபூ ஹனீபா (ரஹ்)

இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் பெயரைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம் வீடுகளில் இருக்க முடியாது. நம் ஜமாஅத்தில் ஹனஃபிகளும் இருக்கிறோம், ஷாஃபிகளும் இருக்கிறோம். யாராக இருந்தாலும் மதரஸா நாளிலேயே அந்தப் பெயர் பழகிவிடுகிறது. ஆனால் அந்த மாமேதை கூஃபா நகரத்தில் ஒரு துணிக்கடை வைத்திருந்தார்கள் என்பதும், கடை வருமானத்தில்தான் வாழ்ந்தார்கள் என்பதும் பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

நம் சங்கத்தைத் தோற்றுவித்த பெரியவர்களில் பலர் வியாபாரிகள். பகலில் கடையைப் பார்த்துவிட்டு இரவில் கூட்டம் போட்டவர்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, அந்தக் கடைகளில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு ஒன்றுதான்: கடைக்கு முன்னைப்போல ஆள் வருவதில்லை. பேரங்காடி ஒரு பக்கம், கைப்பேசியில் வாங்குவது ஒரு பக்கம். நாங்களும் விளக்கை மாற்றினோம், பெயர்ப்பலகையை மாற்றினோம், தள்ளுபடி போட்டோம். ஒரு சிறிய கடையை மக்கள் மனமுவந்து தேடி வரச் செய்வது எது? இந்தக் கேள்விக்கு இமாம் அவர்களின் வாழ்க்கையில் தெளிவான விடை இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சந்தையில் வளர்ந்தவர்

இமாம் அவர்களின் இயற்பெயர் நுஃமான். தந்தை பெயர் ஸாபித். பாரசீக வம்சாவளிக் குடும்பம். ஹிஜ்ரி 80, அதாவது கி.பி. 699-இல், இராக்கில் உள்ள கூஃபா நகரில் பிறந்தார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் படைவீரர்களுக்காக அமைக்கப்பட்டு, பிறகு பெருநகரமாக வளர்ந்த ஊர் அது. அரபியர், பாரசீகர், இன்னும் பல இனத்தவர் வாங்கவும் விற்கவும் கூடிய சந்தை அங்கே இருந்தது. குடும்பத் தொழில் துணி வியாபாரம். இளைஞர் நுஃமானும் அதிலேயே இறங்கினார்.

ஒரு நாள் சந்தைக்குப் போகும் வழியில் பெரிய ஆலிமான ஷஅபீ அவர்கள் அவரை அழைத்து, யாரிடம் போய்வருகிறாய் என்று விசாரித்தார்கள். சந்தைக்குத்தான் என்று பதில் வந்தது. இவ்வளவு கூர்மையான பிள்ளை ஆலிம்களின் சபையிலும் உட்கார வேண்டும் என்று ஷஅபீ அவர்கள் அறிவுரை சொன்னார்கள். அந்தச் சொல் மனதில் தைத்தது. பிறகு ஹம்மாத் இப்னு அபீ சுலைமான் அவர்களிடம் 18 ஆண்டுகள் பாடம் கேட்டார்கள். ஹிஜ்ரி 120-இல் ஆசிரியர் மறைந்தபின் அவருடைய இடத்தில் அமர்ந்து பாடம் நடத்தும் பொறுப்பு இவர்களுக்கு வந்தது. அப்போது வயது நாற்பது.

நமக்கு வேண்டிய செய்தி இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு பெரிய பொறுப்பு வந்தபிறகும் இமாம் அவர்கள் கடையை மூடவில்லை.

கடையும் சரக்கும்

கூஃபாவில் அம்ர் இப்னு ஹுரைஸ் அவர்களின் வீடு இருந்த இடத்தில் இமாம் அவர்களின் கடை இருந்தது. ஊரில் கேட்டால் யாரும் காட்டும் அளவுக்கு அறிமுகமான கடை. கஸ் என்னும் உயர்ந்த வகைத் துணி அங்கே விற்கப்பட்டது. பட்டும் கம்பளியும் சேர்த்து நெய்வது அது. ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் என்பவர் வியாபாரக் கூட்டாளி. சரக்கை வெளியூர் கொண்டுபோய் விற்று வருவதில் அவர் பங்கு பெரிது.

துணி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். துணியைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்ததில் பாதிகூட வாங்குபவருக்குத் தெரியாது. நெசவில் எங்கே இழை விட்டிருக்கிறது, சாயம் நிற்குமா, அடக்கவிலை என்ன என்பதெல்லாம் நமக்குத் தெரியும். எதிரே நிற்பவர் நம் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அந்த வித்தியாசத்தைக் காசாக்குவது சுலபம். இமாம் அவர்களோ அதை வாடிக்கையாளருக்குச் சாதகமாகவே பயன்படுத்தினார்கள். அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் சொல்லும் வியாபாரச் செய்திகள் எல்லாவற்றிலும் இந்த ஒரு குணத்தைப் பார்க்கலாம்.

நூறு ஐந்நூறு ஆனது

ஒரு பெண்மணி ஒரு பட்டுத் துணியை விற்கக் கொண்டுவந்தார். நூறு கேட்டார். இது அதற்கு மேல் பெறும் என்றார்கள் இமாம் அவர்கள். அவர் இன்னொரு நூறு கூட்டினார். அப்போதும் அதே பதில். இப்படியே நானூறு வரை வந்தது. இன்னும் மேலே பெறும் என்று சொன்னதும், தன்னைக் கேலி செய்வதாக அந்தப் பெண்மணிக்குத் தோன்றிவிட்டது. விலை தெரிந்த ஓர் ஆளை அழைத்துவரச் சொல்லி, அவர் மதிப்பிட்டபின் ஐந்நூறுக்கு வாங்கிக்கொண்டார்கள். கொள்முதலில்தான் லாபம் என்று நாம் சொல்வோம். எதிரில் இருப்பவரின் அறியாமையில் வரும் லாபத்தை இமாம் அவர்கள் கொள்முதலிலும் தொடவில்லை.

மூதாட்டியின் நான்கு திர்ஹம்

இன்னொரு நாள் ஒரு மூதாட்டி துணி வாங்க வந்தார். தான் வசதியற்றவள், விலை விவரமும் தெரியாது, இதை அமானத்தாக நினைத்து அடக்கவிலைக்கே கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இமாம் அவர்கள் நான்கு திர்ஹம் கேட்டார்கள். அவ்வளவு குறைந்த விலையைக் கேட்ட மூதாட்டி, வயதானவளோடு விளையாடாதீர்கள் என்று வருந்தினார். இமாம் அவர்கள் கணக்கைச் சொன்னார்கள். இரண்டு துணிகளைச் சேர்த்து வாங்கினோம், ஒன்றை விற்றதிலேயே போட்ட முதலில் நான்கு திர்ஹம் போக மீதி வந்துவிட்டது, ஆகவே இந்தத் துணியின் மேல் நிற்கும் அடக்கம் நான்கு திர்ஹம்தான் என்று விளக்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இமாம் அவர்கள் எல்லாருக்கும் அடக்கவிலைக்கு விற்கவில்லை. முதல் துணியை நல்ல லாபத்தில் விற்றிருக்கிறார்கள் என்று அந்தக் கணக்கே சொல்கிறது. லாபம் எடுக்கத் தெரிந்த வியாபாரிதான். ஆனால் ஒருவர் நம்பி அடக்கவிலை கேட்டால், சொல்லும் அடக்கவிலை காசுக்குக் காசு உண்மையாக இருந்தது.

வேறொருவர் ஒரு குறிப்பிட்ட நிறத்தில் கஸ் துணி கேட்டு வந்தார். கையில் அந்த நிறம் இல்லை. இருக்கும் நிறத்தைத் தலையில் கட்டி அனுப்பவில்லை. பொறுத்திருங்கள், கிடைத்ததும் உங்களுக்காக எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் அந்த நிறம் கிடைத்தது, அவரிடம் சேர்ந்தது.

சொல்லாமல் விற்ற குறை

இமாம் அவர்களின் வியாபார வாழ்க்கையில் மிகவும் பேசப்படும் நிகழ்ச்சி கூட்டாளி ஹஃப்ஸ் அவர்களோடு தொடர்புடையது. விற்பனைக்குச் சரக்கு அனுப்பும்போது, இன்ன துணியில் குறை இருக்கிறது, விற்கும்போது அதைக் காட்டிச் சொல்லிவிடுங்கள் என்று இமாம் அவர்கள் எச்சரித்து அனுப்பினார்கள். ஹஃப்ஸ் மறந்துவிட்டார். குறையைச் சொல்லாமலே துணி விலைபோய்விட்டது. வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத நிலையில், இமாம் அவர்கள் அந்தச் சரக்கு விற்ற தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

தள்ளுபடிக்குக் கணக்குப் போடும் நமக்கு இந்தத் தொகை பெரும் நஷ்டமாகத் தெரியும். நஷ்டம்தான். நேர்மை என்பது வாயால் சொல்வதோடு நிற்காமல் கல்லாவைத் தொடும்போதுதான் அதன் எடை தெரிகிறது. இமாம் அவர்கள் அந்த எடையைத் தாங்கினார்கள். அதனால்தான் அந்தக் கடைக்கு வந்தவர் துணியை நூல் நூலாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கடனும் மரியாதையும்

கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் அன்றும் இருந்தது. ஒரு முறை இமாம் அவர்கள் ஷகீக் அல்பல்கீ அவர்களோடு தெருவில் போகும்போது, எதிரே வந்த ஒருவர் இவர்களைக் கண்டதும் வேறு சந்தில் திரும்பினார். இமாம் அவர்கள் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்கள். பத்தாயிரம் திர்ஹம் கடன்பட்டு, நாள் கடந்தும் கட்ட முடியாத வெட்கத்தில் ஒளிந்ததாக அவர் சொன்னார். அந்தக் கடன் முழுவதையும் இமாம் அவர்கள் தள்ளிவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. தன்னைக் கண்டு அவர் மனம் அஞ்சியதற்காக அவரிடமே பொறுத்தருளக் கேட்டார்கள்.

தோற்றத்திலும் கவனம் இருந்தது. நல்ல உடை உடுத்துவார்கள். அவர்கள் வருவதை முதலில் அத்தர் மணம் சொல்லிவிடும் என்பார்கள். சபைக்குக் கந்தல் உடையில் வந்த ஒருவரிடம், எல்லாரும் போனபின், தொழுகை விரிப்பின் கீழ் இருந்த ஆயிரம் திர்ஹத்தை எடுத்துத் தன் நிலையைச் சரிசெய்துகொள்ளச் சொன்னார்கள். தான் வசதியுள்ளவன்தான் என்றார் அவர். அப்படியானால் அல்லாஹ் கொடுத்த அருள் உங்கள் மேல் தெரியட்டும் என்பது இமாம் அவர்களின் அறிவுரை. கடையையும் தன்னையும் துப்புரவாக வைத்துக்கொள்வது எளிமைக்கு எதிரானது என்று நினைக்கும் நம் சிலருக்கு இது நல்ல பாடம்.

கடையிலிருந்து சட்டத்துக்கு

சந்தையை அறிந்தவர் என்பதால் இமாம் அவர்களின் சட்டத் தீர்ப்புகளிலும் சந்தை தெரியும். பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் வேண்டாம் என்று விடும் உரிமைக்கு ஹனஃபி சட்டத்தில் கியாருர் ருஃயா என்று பெயர். யோசித்து முடிவு செய்ய நிபந்தனையோடு அவகாசம் வைத்துக்கொள்வது கியாருஷ் ஷர்த். அதற்கு மூன்று நாள் வரம்பு என்பது இமாம் அவர்களின் கருத்து. மாணவர்களான அபூ யூசுஃப், முஹம்மது இருவரும் அதற்கு மேலும் அனுமதித்தார்கள். மறைந்திருந்த குறையைக் கண்டால் திருப்பித் தரும் உரிமை கியாருல் ஐப்.

இன்று கைப்பேசி வழியாக விற்கும் பெரிய நிறுவனங்கள், பிடிக்காவிட்டால் இத்தனை நாளில் திருப்பி அனுப்பலாம் என்று விளம்பரம் செய்கின்றன. மக்கள் அங்கே போவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் கடைகளிலோ கல்லாவுக்கு மேலே, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற அட்டை தொங்குகிறது. நம் மத்ஹபு நூல்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் உரிமையை நாம் அட்டை போட்டு மறுக்கிறோம்.

லாபம் போன இடம்

இப்படி வியாபாரம் செய்தால் கடை நிற்குமா என்று கேட்கலாம். இமாம் அவர்களின் கடை நின்றது. சேர்ந்த லாபத்தில் ஆலிம்களுக்கு வேண்டிய உணவும் உடையும் வாங்கிக் கொடுத்தார்கள். வறுமையால் படிப்பை விட இருந்த அபூ யூசுஃப் அவர்களுக்குப் பணம் கொடுத்துத் தாங்கினார்கள். அந்த மாணவர்தான் பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீத் ஆட்சியில் தலைமை நீதிபதியானார்.

இன்னொன்றையும் அந்தக் கடை கொடுத்தது. உமையா ஆட்சியின் கடைசிக் காலத்தில் இராக் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி ஏற்கச் சொல்லி வற்புறுத்தியபோது இமாம் அவர்கள் மறுத்தார்கள், கசையடி பட்டார்கள். பிறகு அப்பாசிய கலீஃபா மன்சூர் பக்தாதுக்கு வரவழைத்து நீதிபதி பதவியைத் திணிக்கப் பார்த்தார். அப்போதும் மறுத்துச் சிறைப்பட்டார்கள். ஹிஜ்ரி 150-இல், கி.பி. 767-இல், பக்தாதில் மறைந்தார்கள். ஜனாஸாவுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்ததால் தொழுகை பலமுறை நடத்தப்பட்டது என்பார்கள். கைஸுரான் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பகுதி இன்று அவர்களின் சிறப்புப் பெயரால் அஃழமிய்யா எனப்படுகிறது. ஆட்சியாளரின் சம்பளத்தை நம்பி அவர்கள் வாழவில்லை. முடியாது என்று சொல்லும் துணிவுக்குப் பின்னால் ஈமான் இருந்தது, கூஃபாவின் அந்தத் துணிக்கடையும் இருந்தது.

நமக்கு

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் துணிக்கடையில் உட்கார்ந்தவன். விலையில் பேரங்காடியை வெல்ல முடியாது என்பதைக் கணக்கு எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் குறையுள்ள துணியைத் தனியே வைத்து, குறை உள்ள இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுக் காட்டுவதற்கு மூலதனம் வேண்டாம். கேட்ட நிறம் இல்லையென்றால் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, வந்ததும் சொல்லி அனுப்பலாம். பிரிக்காத துணியை மூன்று நாளில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். விலை தெரியாத பெரியவரிடமும் தெரிந்தவரிடமும் ஒரே விலை சொல்லலாம். எங்கள் கடையில் இவற்றைச் செய்கிறோம். சில மாதம் கையைக் கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் குறை காட்டி விற்ற துணியை வாங்கியவர்கள் அடுத்த முறை தங்கையையும் மருமகளையும் அழைத்து வருகிறார்கள்.

வாடிக்கையாளர் எச்சரிக்கையாக இருக்கத் தேவையில்லாத கடைக்கு மக்கள் தேடி வருவார்கள். அவர் சார்பில் நாமே எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அதற்கான செலவையும் நாமே ஏற்க வேண்டும். இமாம் அவர்களின் வாழ்க்கையிலிருந்து வியாபாரிகள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவே. நம் பெரியவர்கள் இந்த மண்ணில் கடை போட்டபோது அவர்களிடம் இருந்த முதலும் பெரும்பாலும் இந்த நம்பிக்கைதான். வல்ல அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.