மொரிஸ் மைனரின் பிரேக் குழாயும் மல்கம் லொக்ஹீட்டும்

நாவுல ஊடாகச் செல்லும் ஏ9 வீதியில் எப்போதாவது ஒரு மொரிஸ் மைனர் எதிர்ப்பட்டால் அதன் மினுமினுப்பைத்தான் பார்ப்போம். அடியில் ஓடும் மெல்லிய பிரேக் குழாய்கள் கண்ணில் படுவதில்லை. அவற்றுக்குப் பின்னால் இருப்பவர் விமானம் கட்டிய ஒரு மனிதர்.

1886 இல் பிறந்த மல்கம், தம்பி அலனுடன் சேர்ந்து கட்டிய நீர்விமானம் 1913 இல் சான் பிரான்சிஸ்கோ குடாவின் மேல் பறந்தது. 1916 இல் இருவரும் விமான நிறுவனம் தொடங்கினர். ஆனால் மல்கமின் மனம் கார் பிரேக்கில் இருந்தது. அக்கால பிரேக்குகள் கம்பியாலும் கேபிளாலும் இழுபட்டன. ஒன்று சற்றுத் தளர்ந்தாலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். குழாயில் அடைபட்ட திரவமோ எல்லாத் திசையிலும் ஒரே அழுத்தத்தைக் கடத்தும். அதைக்கொண்டு நான்கு சில்லுகளையும் ஒருமிக்க நிறுத்தலாம் என்பதே அவரது யோசனை.

1919 இல் விமானத்தை விட்டு, டெட்ராய்ட்டில் பிரேக் நிறுவனம் அமைத்தார். குடும்பப் பெயரைப் பலரும் பிழையாக உச்சரித்ததால், ஒலிக்கேற்ப எழுத்துகளை மாற்றினார். பின்னாளில் உலகறிந்த விமான நிறுவனத்தின் பெயரும் அதே எழுத்துகளில்தான் அமைந்தது.

1921 இல் டூசன்பேர்க் கார் இந்த பிரேக்குடன் வந்தது. 1924 இல் கிறைஸ்லரும் ஏற்றது. ஆனால் மல்கமின் தோல் அடைப்புகள் கசிந்தன. கிறைஸ்லர் பொறியியலாளர்கள் றப்பர் கிண்ணங்களைப் பொருத்திய பின்னரே அது நம்பகமானது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறை.

1932 இல் நிறுவனத்தை பெண்டிக்ஸுக்கு விற்றார். 1958 இல் இறந்தார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1948 இல், மொரிஸ் மைனர் லொக்ஹீட் பிரேக்குடன் வெளிவந்திருந்தது.

அந்தக் காரை இன்று மீளமைப்பவர் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் குழாய் சைலன்சரின் சூட்டுக்கு விலகியும், உராயாதபடி கிளிப்பில் இறுகியும், நெளிவில் நசுங்காமலும் போகவேண்டும். சில்லு அசையும் இடங்களுக்கு வளையும் ஹோஸ்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. எல்லாம் ஒரே சுற்று. ஓரிடத்தில் வெடித்தால் நான்கு சில்லுகளிலும் பிரேக் போய்விடும். இறக்கத்தில் மிஞ்சுவது கேபிளில் இழுபடும் கைபிரேக் மட்டுமே.