குழந்தைகளைக் கைவிடாத மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்

ஒரு சமுதாயத்தை ஒடுக்க நினைப்போர் முதலில் அதனை ஊரினின்றும் பிரித்து ஒதுக்குவர். அடுத்து அதன் உணவில் கை வைப்பர். பின்னர் அதன் பிள்ளைகளின் கல்விக்குத் தடை போடுவர். ஊர்த் தெரு வேறு, சேரித் தெரு வேறு என்று வாழ்ந்த நம் முன்னோருக்கு இவற்றை எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. ஐரோப்பாவில் யூத மக்களை ஒதுக்கி வைத்த பகுதிக்குக் கெட்டோ என்பது பெயர். அண்ணல் அம்பேத்கர் தீண்டாமைக் கொடுமையைப் பற்றி எழுதி, அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த நூலொன்றின் தலைப்பிலேயே இந்தச் சொல் இடம் பெற்றுள்ளது. எனவே, நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், அத்தகைய கெட்டோ ஒன்றில் அநாதைக் குழந்தைகளுக்குத் தந்தையாய் வாழ்ந்து, அவர்களோடே மறைந்த ஒரு பெருந்தகையின் வரலாற்றை நம் இளைஞர் முன் வைக்க விரும்புகிறோம்.

போலந்து நாட்டின் வார்சா நகரில், 1870-களின் இறுதியில், யூதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். தந்தையார் வழக்கறிஞர். செல்வமாய் இருந்த அக்குடும்பம், தந்தையார் மனநோய்க்கு ஆளானதும் வறுமையில் வீழ்ந்தது. 1896-ல் தந்தையார் காலமானார். மாணவப் பருவத்திலேயே பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வருவாயைக் கொண்டு குடும்பத்தைத் தாங்கினார் ஹென்ரிக். எழுத்திலும் நாட்டம் மிகுந்திருந்தது. 1898-ல் ஓர் இலக்கியப் போட்டியின்பொருட்டு யானுஷ் கோர்ச்சாக் என்று புனைபெயர் பூண்டார். அப்பெயரே உலகம் அறிந்த பெயராயிற்று.

1905-ல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், ரஷ்ய - ஜப்பானியப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் வார்சாவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். நல்ல பெயரும் நல்ல வருவாயும் அவரைத் தேடி வந்தன. ஆயினும், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிய ஏழைக் குழந்தை அதே பசிக்கும் அதே இருட்டறைக்கும் திரும்பிச் செல்வதைக் கண்டு அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. 1912-ல் வார்சாவின் குரோக்மால்னா தெருவில் யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டபோது, அதன் பொறுப்பை ஏற்றார். ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் இல்லத்தின் அன்றாட நிருவாகத்தைத் தம் தோளில் சுமந்தார். இருவரும் மணம் செய்துகொள்ளாமல் அக்குழந்தைகளுக்காகவே வாழ்ந்தனர்.

அந்த இல்லம் சோறு போடும் சத்திரமாக மட்டும் இருக்கவில்லை. பிள்ளைகளுக்கென ஒரு நீதிமன்றம் இருந்தது, நீதிபதிகளும் பிள்ளைகளே. ஆசிரியர் தவறு செய்தால் ஆசிரியர் மீதும் வழக்குத் தொடரலாம். கோர்ச்சாக்கே அம்மன்றத்தின் முன் நின்றதுண்டு. அதன் சட்டத்தில் தண்டனையைக் காட்டிலும் மன்னிப்புக்கே மிகுந்த இடம் இருந்தது. பிள்ளைகளின் பாராளுமன்றமும் இருந்தது. 1926-ல் சிறுவர்களே செய்தி எழுதும் வார இதழ் ஒன்றையும் தொடங்கி வைத்தார். குழந்தை நாளைக்கு மனிதன் ஆகப் போகிறவன் அல்லன், இன்றே மனிதன் என்பது அவர் கொள்கை. கையில் பிரம்பில்லாமல் பள்ளி நடவாது என்று நம்பிய காலத்தில் இது புரட்சியே.

1930-களில் போலந்தில் யூத வெறுப்பு ஓங்கியது. பல்கலைக்கழக வகுப்புகளில் யூத மாணவர் தனி பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டும் என்று விதித்தனர். தன்மானம் மிக்க மாணவர் பலர் அதில் அமர மறுத்து, பாடவேளை முழுவதும் நின்றுகொண்டே கேட்டனர். வகுப்பறையின் கடைசி மூலையைப் பற்றி நம் பெரியவர்கள் கூறக் கேட்டவர்களுக்கு இச்செய்தியின் கனம் புரியும். வானொலியில் முதிய மருத்துவர் என்னும் பெயரில் நாடெங்கும் புகழ் பெற்றிருந்த கோர்ச்சாக்கின் நிகழ்ச்சியும் 1936-ல் நிறுத்தப்பட்டது.

1939 செப்டம்பர் 1-ல் ஹிட்லரின் படைகள் போலந்தில் புகுந்தன. 1940 நவம்பரில் வார்சா கெட்டோவைச் சுற்றிச் சுவர் அடைபட்டது. மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திணிக்கப்பட்டனர். ஒருவருக்கு ஒரு நாளைக்கென அளந்த உணவு ஏறத்தாழ 200 கலோரி. வளர்ந்த மனிதனுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. பசியாலும் டைபஸ் காய்ச்சலாலும் இரண்டு ஆண்டுக்குள் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுவரின் துளைகள் வழியே சிறுவர்கள் புகுந்து சென்று, உயிரைப் பணயம் வைத்து உணவு கொண்டு வந்தனர்.

இல்லத்தையும் சுவருக்குள் மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றும் நாளில் பிள்ளைகளுக்கென வைத்திருந்த உருளைக்கிழங்கு வண்டியைக் காவலர் பறித்துக்கொண்டனர். கோர்ச்சாக் யூதர் அணிய வேண்டிய கைப்பட்டை இல்லாமல், பழைய இராணுவ உடையோடு ஜெர்மானிய அதிகாரிகளிடம் சென்று நியாயம் கேட்டார். அடியும் சிறையுமே விடையாகக் கிடைத்தன. வெளியே வந்த பின், தளர்ந்த உடலோடு நாள்தோறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, வீடு வீடாகச் சென்று தம் இருநூறு பிள்ளைகளுக்காக உணவு கேட்டு வந்தார். புகழ் பெற்ற எழுத்தாளர், பிள்ளைகளுக்காகக் கையேந்துவதில் வெட்கப்படவில்லை.

பள்ளிகள் மூடப்பட்டிருந்த அக்கெட்டோவில் கல்வி மட்டும் நிற்கவில்லை. கஞ்சித் தொட்டிகளிலும் வீட்டு அறைகளிலும் இரகசிய வகுப்புகள் நடந்தன. இம்மானுவேல் ரிங்கெல்புளூம் என்னும் வரலாற்றாசிரியர், தம் மக்களின் வாழ்வையும் சாவையும் தோழர்களுடன் எழுதித் தொகுத்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் இட்டு மண்ணில் புதைத்தார். போருக்குப் பின் 1946-லும் 1950-லும் அவற்றில் இரு பகுதிகள் தோண்டி எடுக்கப்பட்டன. நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்று 1893-ல் இரட்டைமலை சீனிவாசனாரும் 1907-ல் அயோத்திதாசப் பண்டிதரும் இதழ் நடத்திய நோக்கமும் இதுவன்றோ!

1942 ஜூலை 18-ல் கோர்ச்சாக்கின் இல்லத்தில் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது நம் நாட்டுக் கவி தாகூரின் தபால் நிலையம். நோயால் அறைக்குள் அடைபட்ட சிறுவன் அமல், சன்னல் வழியே உலகைக் கண்டு, அரசரின் கடிதத்துக்குக் காத்திருக்கும் கதை அது. பசித்த குழந்தைகள் வங்கத்துச் சிறுவனாய் நின்று நடித்ததைப் பசித்த மக்கள் இருந்து பார்த்தனர். நான்கு நாள் கழித்து, ஜூலை 22-ல், கெட்டோ மக்களை ரயிலேற்றும் பணி தொடங்கியது. இரண்டு மாதத்திற்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிரெப்லிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. கோர்ச்சாக் தப்பியிருக்கலாம். போலிஷ் நண்பர்கள் அவரைச் சுவருக்கு வெளியே ஒளித்து வைக்க முன்பே பன்முறை வேண்டினர். அவர் இணங்கவில்லை. இருட்டில் விழித்து அழும் குழந்தையை விட்டு எவன் வெளியேறுவான் என்பதே அவர் எண்ணம். ஏறத்தாழ 190 பிள்ளைகள் வரிசையாய் நடந்தனர். முன்னே கோர்ச்சாக் நடந்தார். ஸ்டெஃபானியா அம்மையாரும் பிற ஆசிரியரும் உடன் சென்றனர். எவரும் திரும்பவில்லை.

போராடாமல் நடந்து சென்றது வீரமாகுமா என்று நம் இளைஞர் வினவலாம். வினவத்தான் வேண்டும். அதே கெட்டோவில் 1943 ஏப்ரல் 19-ல், மொர்தெகாய் அனியெலெவிச் என்னும் இருபதுகளில் இருந்த இளைஞரின் தலைமையில், சில நூறு பேர் அற்பமான ஆயுதங்களோடு பெரும் படையை எதிர்த்து ஏறத்தாழ ஒரு மாதம் நின்றனர். அதுவும் எதிர்ப்பே. ஆயுதம் ஏந்த இயலாத பச்சிளங் குழந்தைகளைக் கடைசி நொடி வரை அஞ்ச விடாமல் கை பிடித்திருந்ததும் எதிர்ப்பே. இவர்களை மனிதராக மதியேன் என்றவனுக்கு, இவர்கள் மனிதரே என்று காட்டிய விடை அது.

இங்கு நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மில் படித்தவர் பலர் பட்டாபிராமிலிருந்து நாள்தோறும் ரயிலேறி நகரத்து அலுவலகங்களுக்குச் செல்கிறோம். பதவி வந்ததும் வேறு பகுதியில் வீடு கட்டிக்கொண்டு, பிறந்த தெருவின் பெயரைச் சொல்லவும் கூசுவோர் உண்டு. நாமும் அவ்வாறு சில காலம் இருந்தவர்களே என்பதை மறைக்க விரும்பவில்லை. முன்னேறுவது குற்றமன்று, அதற்காகவே முன்னோர் பாடுபட்டனர். ஏறி வந்த ஏணியைப் பின்னால் வரும் பிள்ளைக்குப் பிடித்து நிற்காமல் போவதே குற்றம். புகழும் பெயரும் சுவருக்கு வெளியே இடம் தந்தபோதும், கோர்ச்சாக் பிள்ளைகளின் பக்கமே நின்றார். அவர் கேட்ட விலையை நம்மிடம் எவரும் கேட்கவில்லை. மாலையில் ஒரு மணி நேரம், பத்துப் பிள்ளைகள், ஒரு கரும்பலகை. இவ்வளவே நம்மிடம் வேண்டப்படுவது.

1989-ல் ஐக்கிய நாடுகள் அவை குழந்தைகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. அதனை முதலில் முன்மொழிந்த நாடு கோர்ச்சாக் பிறந்த போலந்து. டிரெப்லிங்காவில் அவருக்குக் கல்லறை இல்லை. பெயர் பொறித்த ஒரு கல் மட்டும் உண்டு. வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் கையையேனும் பற்றுவார்களாயின், அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே ஆகும்.