ஓரியூரின் வேதசாட்சி புனித அருளானந்தர்

ஓரியூர் என்ற பெயரைக் கேட்டதும் நம் கைகள் தாமாகவே குவிகின்றன. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் தொண்டியிலும் கடலை நம்பி வாழும் குடும்பங்களும், உள்நாட்டில் கண்மாய்த் தண்ணீரை நம்பி வாழும் குடும்பங்களும் அங்கே திருயாத்திரை போகின்றன. புனிதரின் இரத்தம் சிந்திய செம்மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்து வீட்டில் வைத்துக் காக்கின்றன. அவர் எப்படி உயிர் விட்டார் என்பதை ஞானோபதேசம் படிக்கும் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அவர் யார் நடுவில், எப்படி வாழ்ந்தார் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் அந்த வாழ்க்கையைப் பங்கு மக்களின் முன்வைக்க விரும்புகிறோம்.

அரண்மனைப் பிள்ளை

போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1-ஆம் நாள் அருளானந்தர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜான் தெ பிரிட்டோ. தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ பெரெய்ரா, நான்காம் ஜான் அரசரின் நம்பிக்கைக்குரிய பிரபு. அவர் பிரேசில் நாட்டில் ரியோ தெ ஜனெய்ரோவின் ஆளுநராக அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். அப்போது நம் புனிதர் சிறு குழந்தை. விதவைத் தாய் பிள்ளைகளைப் பக்தியோடு வளர்த்தார்.

சிறுவன் ஜான் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாகச் சேர்க்கப்பட்டான். பட்டாடையும் பணியாட்களும் விருந்தும் அவனைச் சூழ்ந்திருந்தன. ஒருமுறை கடும் நோய் கண்டு பிழைப்பதே அரிதென்ற நிலை வந்தது. தாய் புனித சவேரியாரை நோக்கி மன்றாடினார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டு சேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அரண்மனைப் பிள்ளைகளுக்கு நடுவே கறுப்பு அங்கியோடு நடமாடினான். நேர்த்திக்கடன் ஓராண்டில் முடிந்தது. அங்கியின் மேல் வைத்த ஆசை முடியவில்லை. 1662-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், 15 வயதில், அவர் சேசு சபையில் சேர்ந்தார்.

படிப்பில் சிறந்தவர். ஐரோப்பாவிலேயே பேராசிரியராக இருக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவரோ மதுரை மிஷனுக்கு அனுப்பும்படி மேலதிகாரிகளை விடாமல் கேட்டார். தாய் தம்மால் இயன்றமட்டும் தடுத்துப் பார்த்தார். மகன் தாயின் கண்ணீரை மதித்தார், அழைப்பையும் மதித்தார். குருப்பட்டம் பெற்று, 1673-ஆம் ஆண்டு கப்பலேறி, செப்டம்பரில் கோவா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு தமிழகத்தில் கால் வைத்தார்.

பண்டாரசுவாமி

அக்காலத் தமிழகத்தின் நிலையை இங்கே சிறிது சொல்ல வேண்டும். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமிகளான இராபர்ட் தெ நோபிலி, சந்நியாசியாக வாழ்ந்து, உயர்ந்தோர் எனப்பட்டவர்களிடம் வேதம் போதித்தார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவ்வாறு வாழ்ந்த குரு தாழ்ந்தோர் எனத் தள்ளப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழகினால், மற்றவர்கள் அவரிடம் வரமாட்டார்கள். ஒரே ஊரில் ஒரே வேதத்தை நம்பியவர்களுக்குள்ளேயே சாதி வேலியாய் நின்றது. ஏழைகள் இரவில் ஒளிந்து வந்து குருவைக் காண வேண்டியிருந்தது.

இதற்கு வழியாக 1640-ஆம் ஆண்டு முதல் சில குருக்கள் பண்டாரசுவாமிகளாக வாழத் தொடங்கினர். தமிழ் நாட்டில் பண்டாரம் என்பவர் எளியோர் வீட்டு வாசலிலும் நிற்கலாம், மற்றவர்களையும் சந்திக்கலாம். உயர்ந்தோர் பண்டாரத்துக்குச் சந்நியாசிக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுப்பதில்லை. ஆனால் ஏழையின் குடிசைக்கு அவருக்கு வழி திறந்திருந்தது. அரண்மனையில் வளர்ந்த ஜான் தெ பிரிட்டோ இந்தக் கோலத்தையே பூண்டார். காவி உடை, தலைப்பாகை, கையில் தடி. பெயர் அருளானந்தர்.

வெறும் வேடமாக அது இருந்திருந்தால் மக்கள் ஒரு மாதத்தில் கண்டுகொண்டிருப்பார்கள். புலால் உண்ணவில்லை, மது தொடவில்லை. சோறும் காய்கறியுமே உணவு. தரையிலே படுக்கை. ஊர்விட்டு ஊர் கால்நடையாகவே போனார். அக்காலம் அமைதியான காலமும் அன்று. தஞ்சையிலும் செஞ்சியிலும் ஆட்சி மாறிக்கொண்டிருந்தது. 1677-இல் சிவாஜியின் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. போரும் வெள்ளமும் பஞ்சமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. படை போன வழியில் முதலில் அழிந்தது ஏழையின் களமும் குடிசையுமே. ஓட இடம் இல்லாத அந்த மக்களோடு சுவாமிகளும் காட்டிலும் மேட்டிலும் தங்கினார். பனங்காட்டு ஓரத்தில் பந்தல் போட்டுப் பூசை வைத்தார். இரவெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேட்டார். நோயாளியின் அருகில் உட்கார்ந்தார். குரு இல்லாத நாட்களில் மக்களைக் காத்தவர்கள் உபதேசியார்கள். தமிழர்களான அவர்களை நம்பியே அவர் மிஷனை நடத்தினார்.

முதற் சிறை

1686-ஆம் ஆண்டு அவர் மறவர் சீமைக்குள் வந்தார். அப்போது இராமநாதபுரத்தை ஆண்டவர் கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டிய பெரும் ஆட்சியாளர் அவர். அவர் சீமையில் நீண்ட காலமாகக் குருக்கள் தங்கிப் பணிசெய்ய வழியில்லாதிருந்தது. சுவாமிகள் வந்த சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர்.

அவ்வாண்டு ஜூலை மாதம் சேதுபதியின் படைத்தலைவர் அவரையும் உபதேசியார் சிலரையும் பிடித்தார். அடித்தார்கள், தண்ணீரில் அமுக்கினார்கள், வெயிலில் காய்ந்த பாறையில் கிடத்தினார்கள். உபதேசியார்களுக்கும் அதே அடி, அதே வெயில். வெள்ளைக்காரக் குருவுக்கு ஒரு நாடு இருந்தது. திரும்பிப் போக ஓர் அரண்மனையும் இருந்தது. அந்த உபதேசியார்களுக்கு இந்த மண்ணைவிட வேறிடம் இல்லை. அவர்களையும் நாம் மறக்கலாகாது.

பின்பு இராமநாதபுரத்தில் சேதுபதி தாமே அவர்களை விசாரித்தார். குருவின் பொறுமையும் போதனையும் அவர் மனத்தைத் தொட்டன. கொல்லாமல் விடுதலை செய்தார். ஆனால் தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாதென்று கட்டளையிட்டார்.

மறுபடியும் அரண்மனை

விடுதலையானவரை மேலதிகாரிகள் மிஷனின் காரியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1688-ஆம் ஆண்டு செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்தார். சிறுவயதுத் தோழர் பேதுரு இப்போது நாட்டின் அரசர். அரண்மனைக் கதவு அகலத் திறந்தது. தம் பிள்ளைக்கு ஆசிரியராக அங்கேயே இருந்துவிடும்படி அரசர் வேண்டினார். தாயும் உயிரோடு இருந்தார். சித்திரவதையால் உடல் நலிந்திருந்தது. தங்கிவிட்டால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரண்மனைக்குப் போய்வந்தபோதும் தமிழகத்துப் பண்டாரத்தின் எளிய உணவையும் தரைப் படுக்கையையும் அவர் விடவில்லை. அரசரின் பிள்ளைக்குப் பாடம் சொல்ல அந்நாட்டில் பலர் உண்டு. மறவர் சீமையின் ஏழைக்கு யார் உண்டு என்பதே அவருடைய எண்ணம். 1690-இல் மீண்டும் கப்பலேறினார். முதன்முறை வந்தபோது இந்த நாடு எப்படிப்பட்டதென்று அவருக்குத் தெரியாது. இரண்டாம் முறை, அடியும் சிறையும் பசியும் இன்னதென்று நன்றாகத் தெரிந்தே வந்தார். அவருடைய புனிதத்துவத்தின் உச்சியை நாம் இங்கேதான் காண்கிறோம்.

பாம்பாற்றின் கரையில்

மறவர் சீமைக்குத் திரும்பி, காடுகளில் குடிசை போட்டுத் தங்கிப் போதித்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் என்பவர் தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் வந்து சுவிசேஷம் வாசித்து வேண்டிக்கொள்ள, அவர் குணமடைந்தார். ஞானஸ்நானம் கேட்டார். சுவாமிகள் ஏழைக்கு ஒரு சட்டம், தலைவனுக்கு ஒரு சட்டம் என்று வைத்தவர் அல்லர். பல மனைவியரை உடைய அவர் ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்றார். தடியத்தேவர் இணங்கினார். 1693-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதிக்கு உறவுப் பெண். அவருடைய அழுகை அரண்மனையை எட்டியது. இரண்டு நாட்களில், ஜனவரி 8-ஆம் நாள், சுவாமிகள் பிடிபட்டார். இராமநாதபுரத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டார். அங்கே கொன்றால் தடியத்தேவரின் ஆட்கள் கிளர்ந்தெழக் கூடும் என்ற அச்சம் இருந்தது. எனவே ஓரியூரில் ஆட்சி செய்த சேதுபதியின் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பப்பட்டார். கொலைக் கட்டளை பின்தொடர்ந்தது.

சிறையில் மையும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்துத் துரும்பால் தம் சகோதரக் குருக்களுக்கு விடைகூறி எழுதினார். 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன். பாம்பாற்றின் கரையிலே முழங்காலிட்டு ஜெபித்தார். தம்மை வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டார். தலை வீழ்ந்தது. வயது 45. உடலைக் கழுவில் ஏற்றி வைத்தார்கள்.

செய்தி லிஸ்பனை எட்டியபோது அரசர் நன்றி வழிபாடு நடத்தினார் என்றும், தாய் துக்க உடை அணியாமல் திருவிழா உடையில் வந்தார் என்றும் வரலாறு கூறுகிறது.

இறந்த பின்னும்

அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கத் திருச்சபை அவசரப்படவில்லை. சாதி வழக்கங்களுக்கு மதுரை மிஷன் இடங்கொடுத்தது சரியா என்ற வழக்கு உரோமையில் நெடுங்காலம் நடந்தது. அந்த வழக்கு புனிதரின் காரியத்தைத் தடுக்காது என்று 14-ஆம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் 1741-இல் தீர்ப்புச் சொன்னார். அதே பாப்பரசர் 1744-இல் வெளியிட்ட ஆணையில், தாழ்த்தப்பட்ட நோயாளிகளின் வீட்டுக்கே சென்று தேவதிரவிய அனுமானங்கள் வழங்குவதைக் குருக்களின் கடமையாக்கினார். அருளானந்தர் நடந்த வழி அதுவே. 1853-இல் முத்திப்பேறு பெற்றவர் என்றும், 1947 ஜூன் 22-ஆம் நாள் புனிதர் என்றும் அறிவிக்கப்பட்டார். இந்தியா விடுதலை பெறுவதற்கு எட்டு வாரங்களுக்கு முன்பு இது நடந்தது.

யூபிலி நம்மைக் கேட்பது

அன்பார்ந்த பங்கு மக்களே, யூபிலி என்பது நாம் கண்டுபிடித்த கொண்டாட்டம் அன்று. பழைய ஏற்பாட்டில் லேவியர் நூல் 25-ஆம் அதிகாரம் அதை ஏற்படுத்துகிறது. ஐம்பதாம் ஆண்டில், வறுமையால் நிலத்தை விற்றவனுக்கு நிலம் திரும்ப வேண்டும். வறுமையால் அடிமையானவன் விடுதலையாகித் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். கொடிமரத்தையும் வாணவேடிக்கையையும் அந்த நூல் கேட்கவில்லை.

நம் கடற்கரையைச் சுற்றிப் பார்ப்போம். முன்பணம் வாங்கி, அதைத் தீர்க்க முடியாமல் ஒரே படகில் கட்டுண்டு கிடக்கும் கூலி மீனவர் உண்டு. மன்னார் வளைகுடாவின் தீவோரங்களில் மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் தாய்மார் உண்டு. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவரின் வீடுகள் உண்டு. உள்நாட்டில் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டு வயிறு வளர்ப்போர் உண்டு. இவர்களில் பலர் நமக்குப் பக்கத்திலேயே முழங்காலிடுகிறார்கள். அவர்கள் வாங்கிய கடன் எவ்வளவு, அவர்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்பது நமக்குத் தெரியுமா?

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழகத்தில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் பங்குகள் உண்டு; தேர் எந்தத் தெருவில் போகலாம், எந்தத் தெருவில் போகலாகாது என்று வழக்காடும் பங்குகளும் உண்டு. எல்லாத் தெருவுக்கும் போவதற்காகவே பண்டாரமான ஒருவருடைய படத்தை மாட்டிக்கொண்டு இதைச் செய்வது எப்படி நியாயமாகும்?

பெரிய காரியங்களை நாம் கேட்கவில்லை. பங்கில் வின்சென்ட் தெ பவுல் சபை இருந்தால், யூபிலி வரவில் ஒரு பகுதியை அதன் கையில் கொடுப்போம். படகு உரிமையாளர் இந்த ஆண்டு ஒரு கூலியாளின் முன்பணத்தையாவது தள்ளிக் கொடுக்கட்டும். படித்த இளைஞர் மாலையில் ஒரு மணி நேரம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லட்டும். தேர் எல்லாத் தெருவுக்கும் போகட்டும். அரண்மனையை இருமுறை விட்டு வந்தவருக்கு இவை மிகச் சிறிய காணிக்கைகளே.

அடுத்த முறை ஓரியூர்ச் செம்மண்ணைக் கையில் எடுக்கும்போது, அது யாருடைய வாசல்களைத் தேடி நடந்த கால்களின் இரத்தம் என்பதை நினைத்துக்கொள்வோம். பின்பு அந்த வாசல்களுக்கு நாமும் போவோம். புனித அருளானந்தர் நம் பங்குக்காகவும், இந்தக் கடற்கரையின் எல்லா ஏழைகளுக்காகவும் வேண்டிக்கொள்வாராக!