ஹியூகோ டி விரீஸ்: கலத்தையே அளவுகருவியாக்கியவர்

தலைமுறையுரிமை அலகைப் படிக்கும் மாணவர்கள் ஹியூகோ டி விரீஸ் என்ற பெயரை மெண்டலுடன் சேர்த்தே அறிவர். மெண்டலின் விதிகளை 1900 இல் மீளக் கண்டறிந்தோருள் இவரும் ஒருவர். ஆனால் அதற்கு முன்னரே பிரசாரணம் பற்றி இவர் செய்த ஆய்வு நூல்களில் ஓரிரு வரிகளுடன் முடிந்துவிடுகிறது. அது அவ்வளவு சிறிய பணியன்று.

இவர் 1848 பெப்ரவரி 16 ஆம் திகதி நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் பிறந்தார். தந்தை ஒரு சட்டத்தரணி. பின்னர் அந்நாட்டின் பிரதமராகவும் இருந்தவர். மகனுக்கோ செடிகொடிகளிலேயே நாட்டம். லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1870 இல் கலாநிதிப் பட்டம் பெற்று, ஜேர்மனியில் தாவர உடற்றொழிலியல் அறிஞர் சாக்ஸிடம் பயின்றார். 1878 இல் ஆம்ஸ்ரடாமில் பேராசிரியரானார்.

இளந்தண்டு விறைப்பாக நிற்பது ஏன் என்பதே அவரது முதற் கேள்வி. வளரும் தண்டுகளைச் செறிந்த உப்புக் கரைசலில் இட்டபோது அவை நீளம் குறைந்து துவண்டன. வெளியே கரையச் செறிவு கூடியதால் கலத்தின் புன்வெற்றிடத்திலிருந்து நீர் வெளியேறியது. கனவளவு குறைந்த முதலுரு கலச்சுவரைவிட்டு விலகியது. இதற்கு 1877 இல் அவர் இட்ட பெயரையே நாம் முதலுருச் சுருக்கம் என்கிறோம்.

கலத்தினுள் இருக்கும் அமுக்கத்தை நேரே அளக்க அன்று கருவி இல்லை. எனவே அவர் கலத்தையே கருவியாக்கினார். ஊதா நிறச் சாறுடைய ரியோ இலையின் கீழ்ப்புற மேற்றோலை உரித்து, படிப்படியாகச் செறிவு கூடிய கரைசல்களில் வைத்து நுணுக்குக்காட்டியால் நோக்கினார். முதலுரு சுவரைவிட்டு மட்டுமட்டாக விலகத் தொடங்கும் கரைசலே கலச்சாற்றுக்குச் சமமானது. இன்று எமது பாடசாலை ஆய்வுகூடங்களில் ரியோ இலையைக் கொண்டு செய்யப்படும் பரிசோதனையும் இதுவே. நிறமுள்ள சாறு இருப்பதால் சுருக்கம் தெளிவாகத் தெரியும்.

1884 இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. ஒரே மூலர்ச் செறிவில், பொற்றாசியம் நைத்திரேற்று சுக்குரோசைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வலிமையுடன் நீரை இழுத்தது. சுக்குரோசுக்கு 2, நைத்திரேற்றுக்கு 3, கல்சியங் குளோரைட்டுக்கு 4 என எண்கள் அமைந்தன. ஏன் என்பதற்கு அப்போது விடை இல்லை. கரையத்தின் திணிவன்று, துணிக்கைகளின் எண்ணிக்கையே முக்கியம் என்பதும், உப்பு நீரில் அயன்களாகப் பிரிகின்றது என்பதும் பின்னரே தெளிவாயின.

அவ்விடைக்கான வழியும் ஒரு பகுதி இவரூடாகவே திறந்தது. ஆம்ஸ்ரடாமில் இவரது சக பேராசிரியர் இரசாயனவியலாளர் வான்ற் ஹொஃப். மட்பாத்திரச் சுவரில் செயற்கை மென்சவ்வை உண்டாக்கி பிபெபர் என்பவர் பிரசாரண அமுக்கத்தை அளந்திருந்ததை அவருக்குத் தெரிவித்தவர் டி விரீஸ்தான். அவ்வளவீடுகளில் வாயு விதிகளின் சாயலைக் கண்டார் வான்ற் ஹொஃப். இரசாயனவியலுக்கான முதல் நோபல் பரிசு 1901 இல் அவருக்குக் கிடைத்தது. அரீனியசின் அயனாக்கக் கொள்கைக்கும் இலைக்கலங்கள் தந்த அந்த எண்கள் துணைநின்றன.

டி விரீஸோ அதற்குள் வேறு திசையில் சென்றிருந்தார். 1886 இல் ஹில்வெர்சம் அருகே கண்ட ஈனோதெரா செடிகளின் மாறல்கள் அவரைக் கவர்ந்தன. விகாரக் கொள்கை பற்றிய நூல் 1901 முதல் 1903 வரை வெளிவந்தது. அக்கொள்கையின் பல பகுதிகள் பின்னர் கைவிடப்பட்டன. 1918 இல் ஓய்வுபெற்று லுன்ரெரன் என்னும் சிற்றூரில் செடி வளர்த்து வாழ்ந்த அவர், 1935 மே 21 ஆம் திகதி அங்கேயே காலமானார்.