ஒரு பக்கம் வேண்டுதல். மறு பக்கம் பதில்!

பிரஷ்யா நாட்டில் குரோப்பன்ஸ்டெட் என்று ஒரு சிற்றூர். 1805-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி அங்கே ஒரு பையன் பிறந்தான். தகப்பனார் சர்க்கார் வரி வசூலிக்கும் உத்தியோகஸ்தர்.

பிள்ளைகள் சிறு வயதிலேயே பணத்தைச் சேர்த்து வைக்கப் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆகவே தாராளமாகக் காசு கொடுப்பார். அதற்குக் கணக்கு எழுதிக் காட்ட வேண்டும். பையனும் எழுதிக் காட்டினான். அவ்வளவும் பொய்க் கணக்கு!

பத்து வயது ஆகுமுன்பே வீட்டில் இருந்த வரிப் பணத்தில் கை வைத்தான். தகப்பனாருக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு நாள் பணத்தை எண்ணி வைத்தார். பையனை அந்த அறையில் தனியே விட்டார். பிறகு பார்த்தால் பணம் குறைகிறது. பையனைச் சோதித்தார். காலணிக்குள், பாதத்தின் அடியில் இருந்தது பணம்.

அவனுக்கு 14 வயதாக இருக்கும்போது தாயார் இறந்தார். அது தெரியாமல் அன்று நள்ளிரவு தாண்டியும் சீட்டாடிக் கொண்டிருந்தான். 16-வது வயதில் ஓட்டலில் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, பணம் கொடுக்காமல் நழுவப் பார்த்தான். பிடித்துச் சிறையில் போட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் கம்பி எண்ணினான்.

இந்தப் பையன்தான், பிற்காலத்தில் பத்தாயிரம் அநாதைக் குழந்தைகளுக்குச் சோறு போட்ட ஜார்ஜ் முல்லர்.

முழங்காலில் நின்ற மனிதர்

மகனைப் போதகராக்கிவிட்டால் வயிற்றுப்பாட்டுக்குக் கவலை இராது என்று தகப்பனார் நினைத்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். வேத சாஸ்திரம் படிக்கப் போன முல்லர், குடித்துக் கூத்தடித்தார்.

1825-ம் ஆண்டு நவம்பர் மாதம். ஒரு சனிக்கிழமை மாலையில் நண்பன் ஒருவன் அவரை ஒரு வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஒருவர் முழங்கால்படியிட்டு ஜெபம் செய்தார். போதகராகப் படித்துக் கொண்டிருந்த முல்லர், ஒருவர் அப்படி ஜெபிப்பதை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தார்! அந்த மாலை அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

1829-ல் இங்கிலாந்துக்குப் போனார். டெய்ன்மவுத் என்ற ஊரில் ஒரு சிறு சபைக்குப் போதகர் ஆனார். 1830-ல் மேரி குரோவ்ஸ் என்ற பெண்மணியை மணந்தார். மேரியின் அண்ணன் ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ், பல் வைத்தியத் தொழிலை உதறிவிட்டு ஊழியத்துக்குப் புறப்பட்டவர். 1833-ல் இந்தியாவுக்கு வந்து, சென்னையிலும் சித்தூரிலும் உழைத்தார். சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்த நமது நெல்லைச் சீமையின் அருளப்பன், அந்தக் குரோவ்ஸோடு பழகியவர்தான்.

மணமான அதே மாதம் முல்லரும் மேரியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆண்டுக்கு 55 பவுன் சம்பளம் வந்து கொண்டிருந்தது. அது வேண்டாம் என்று விட்டார்கள். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது. கடன் வாங்குவதே இல்லை. வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இப்படி ஓர் உறுதி எடுக்க, கணவன் மனைவி இருவருக்குமே நெஞ்சுரம் வேண்டும்.

ஜெப நோட்டு

பொய்க் கணக்கு எழுதிய கை இப்பொழுது வேறு கணக்கு எழுதத் தொடங்கியது. நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் வேண்டுதல், அதைக் கேட்ட தேதி. எதிர்ப் பக்கம் காலியாக இருக்கும். பதில் கிடைத்ததும் அங்கே தேதியைக் குறிப்பார். வந்தது ஆயிரம் பவுனானாலும் சரி, கால் பென்னியானாலும் சரி, எழுத்தில் ஏறிவிடும். மேஜை, நாற்காலி, தட்டு, முள்கரண்டி வந்தால் அதுவும் ஏறும்.

1832-ல் பிரிஸ்டல் நகரில் குடியேறினார். தெருவில் திரியும் அநாதைக் குழந்தைகளைக் கண்டு மனம் பொறுக்கவில்லை. 1835 டிசம்பரில் ஒரு வீடும், ஆயிரம் பவுனும், தக்க ஊழியர்களும் கேட்டு ஜெபிக்கத் தொடங்கினார். ஷில்லிங் ஷில்லிங்காக வந்தது. வாரத்துக்கு ஐந்து ஷில்லிங்கும் சம்பாதிக்காத நோயாளித் தையற்காரி ஒருத்தி, தன் பங்குக்கு வந்த குடும்பப் பணத்திலிருந்து நூறு பவுன் கொடுத்தாள். முல்லர் வாங்கத் தயங்கினார். அவளை வரவழைத்து, யோசித்துத்தான் கொடுக்கிறாளா என்று விசாரித்தார். அவள் அசையவில்லை.

வீடு கிடைத்தது. ஆட்கள் வந்தார்கள். குழந்தைகளைச் சேர்க்க விரும்புகிறவர்கள் வரலாம் என்று நாள் குறித்து முல்லர் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு குழந்தைகூட வரவில்லை!

அப்பொழுதுதான் அவருக்கு உறைத்தது. எல்லாவற்றுக்கும் ஜெபித்தவர் குழந்தைகளை அனுப்பும்படி கேட்கவே இல்லை. அன்று மாலை அதையும் கேட்டார். மறு நாளே முதல் விண்ணப்பம் வந்தது. 1836 ஏப்ரலில் வில்சன் தெருவில் விடுதி திறந்தது. ஆயிரம் பவுனும் சேர்ந்து முடிய 18 மாதம் ஆயிற்று. நோட்டில் தேதி இருக்கிறது.

பக்கத்து வீட்டில் இருந்த பணம்

பிறகு வந்தவை சோதனையான ஆண்டுகள். காலையில் கையில் இருப்பது மதிய உணவோடு தீர்ந்துவிடும். ரொட்டிக்காரன், பால்காரன் யாரிடமும் கடன் சொல்லக் கூடாது என்பது விதி.

1838 செப்டம்பர் 18-ந்தேதி கையிருப்பு அறவே வற்றிவிட்டது. அன்று ஒரு பெண்மணி வந்து 3 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தார். அவர் மகள் கொடுத்தனுப்பிய காணிக்கை அது. லண்டனிலிருந்து வந்து நாலைந்து நாளாகப் பையன்கள் விடுதிக்கு அடுத்த வீட்டிலேயே அவர் தங்கி இருந்தார். இவர்கள் கவலையோடு ஜெபித்துக் கொண்டிருந்த அத்தனை நாளும், பணம் சுவருக்கு அப்பால் இருந்தது!

ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறாரே, அதுவும் மறைமுகமாகக் கேட்பதுதானே என்று சிலர் குறை சொன்னார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1841 முடிவில் அறிக்கை வெளியிட வேண்டிய சமயம் வந்தபோது கையில் பணமே இல்லை. அப்பொழுது வெளியிட்டால் ஊரார் இரங்கிக் கொடுப்பார்கள். அதனாலேயே முல்லர் அறிக்கையைத் தள்ளி வைத்தார். அடுத்த சில மாதங்கள் கடும் நெருக்கடி. வாயைத் திறந்திருந்தால் தீர்ந்திருக்கும், திறக்கவில்லை.

அதே 1841-ல் அவர் தமது காலைப் பழக்கத்தையும் மாற்றினார். அதுவரை எழுந்ததும் ஜெபத்தில்தான் தொடங்குவார். மனம் கால் மணி, அரை மணி அலைபாயும். இனி முதலில் வேதத்தில் சிறிது வாசிப்பது, வாசித்ததைச் சிந்திப்பது, அந்தச் சிந்தனையிலிருந்தே ஜெபத்துக்குப் போவது என்று வைத்துக்கொண்டார். பெரிய எழுத்தில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வயல்வெளியில் நடந்தபடியே இதைச் செய்வதுண்டு. காலையில் ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் நிலைக்கவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு இந்த யோசனை உதவும்.

காற்று திரும்பியது

குழந்தைகள் பெருகினார்கள். நகருக்கு வெளியே ஆஷ்லி டவுன் மேட்டில் 1849-ல் 300 பேருக்கு ஒரு பெரிய விடுதி எழுந்தது.

1857 நவம்பர் கடைசி. கடுங்குளிர். கட்டிடத்துக்கு வெப்பம் தரும் பாய்லர் ஒழுக ஆரம்பித்தது. பாய்லரைச் சுற்றிச் செங்கல் கட்டு. அதை உடைத்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். நெருப்பை அணைத்துவிட்டுத்தான் உடைக்க முடியும். வேலை எத்தனை நாள் பிடிக்குமோ! அதுவரை 300 குழந்தைகள், அதிலும் பச்சைக் குழந்தைகள், குளிரை எப்படித் தாங்குவார்கள்?

நெருப்பை அணைக்க ஒரு புதன்கிழமை குறித்தாகிவிட்டது. அதன்பின் வாடைக்காற்று வீசத் தொடங்கியது. அந்த மாரிக்காலத்தின் முதல் கடுங்குளிர் அது. முல்லர் இரண்டே இரண்டு கேட்டார். வாடை மாறித் தென்காற்று வீச வேண்டும். வேலையாட்களுக்கு வேலை செய்யும் மனம் வேண்டும்.

செவ்வாய் இரவும் வாடையே வீசியது. புதன் விடிந்தது. தென்காற்று! நெருப்பே தேவைப்படாத அளவுக்கு இதம். செங்கல்லை உடைத்தார்கள். ஓட்டை உடனே அகப்பட்டது. மாலையில் மேஸ்திரி, ஆட்கள் இரவு வெகு நேரம் இருந்துவிட்டு விடியற்காலையில் மறுபடி வருவார்கள் என்றார். ஆட்களோ விடிய விடிய வேலை செய்யவே விரும்புவதாகச் சொன்னார்கள். 30 மணி நேரத்தில் பாய்லர் மறுபடி எரிந்தது. அத்தனை நேரமும் தென்காற்று நிற்கவில்லை.

காலியாக இருந்த பக்கம்

எல்லா வேண்டுதலுக்கும் எதிர்ப் பக்கம் நிரம்பிவிடவில்லை. 1844 நவம்பரில் ஐந்து பேர் மனம் திரும்ப வேண்டும் என்று தினந்தோறும் ஜெபிக்க ஆரம்பித்தார். முதல் ஆளுக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அடுத்தவருக்கு மேலும் ஐந்து ஆண்டு. மூன்றாமவருக்கு இன்னும் ஆறு. மீதி இருவருக்காக, ஊரில் இருந்தாலும் கப்பலில் இருந்தாலும், உடம்பு சரியில்லாவிட்டாலும், 36 ஆண்டு கடந்தும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வீட்டுத் துக்கமும் உண்டு. 1835-ல் கைக்குழந்தையாக இருந்த ஒரே மகன் இறந்தான். 1870-ல், 39 ஆண்டு கூட வாழ்ந்த மேரி காய்ச்சலில் இறந்தார். அடக்கத்தின்போது பிரசங்கம் செய்தவர் முல்லரேதான்.

அந்த ஆண்டில் ஆஷ்லி டவுனில் ஐந்தாவது விடுதி திறந்தது. ஐந்திலும் சேர்த்து 2,050 குழந்தைகளுக்கு இடம். எழுபதாவது வயதில் உலகப் பிரயாணம் கிளம்பி, 17 ஆண்டு பல நாடுகளில் பிரசங்கம் செய்தார். இந்தியாவுக்கும் வந்தார்.

1898 மார்ச் 9-ந்தேதி மாலை வழக்கம்போல ஜெபக் கூட்டத்தில் கலந்துகொண்டார். மறு நாள் காலை, 92 வயதுக் கிழவர் தமது அறையில் இறந்து கிடந்தார்.

கணக்குப் பார்த்தார்கள். அவர் கைக்கு வந்து ஊழியத்துக்குச் சென்றது ஏறக்குறைய 15 லட்சம் பவுன். அவர் விட்டுச் சென்ற சொத்து, புத்தகங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்த்து, 170 பவுனுக்கும் குறைவு. ஆண்டறிக்கைகளில் பெயர் போடாத ஒருவர் அடிக்கடி காணிக்கை கொடுத்து வந்தது பதிவாகி இருந்தது. கூட்டிப் பார்த்தால் 81,000 பவுனுக்கு மேல் வந்தது. அது யார் என்று பிறகுதான் தெரிந்தது. தமது சொந்தச் செலவுக்கென்று வந்த பணத்திலிருந்து முல்லரே கொடுத்தது.