சர் ஆர்தர் காட்டன்

காவிரிக்குக் கிட்டிய பாட்டும் புகழும் அதன் வடகிளையாகிய கொள்ளிடத்துக்குக் கிட்டவில்லை. மிகுந்த வெள்ளத்தைக் கொள்ளுமிடமாதலின் அப்பெயர் பெற்றது என்பர். ஆயினும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் ஏர் பூட்டுவோருக்குச் சோறளிப்பது அக்கொள்ளிட நீரே. அந்நீரை வயலுக்குத் திருப்பிய ஆங்கிலப் பொறியாளர் ஒருவரின் வாழ்வினை ஈண்டுச் சுருங்கக் கூறுவல். தமிழ் பயிலும் மாணவனுக்கு அணைக்கட்டில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். வரப்புயர நீருயரும் என்று படித்தவனுக்கு நீர் எவ்வாறு உயர்ந்ததென அறியும் ஆவல் எழுதல் இயல்பன்றோ?

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். உடன் பிறந்தார் பலர். பதினைந்தாம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அடிஸ்கம்ப் படைப்பள்ளியிற் சேர்ந்து, 1821-இல் சென்னைக்கு வந்தார். முதலாம் பர்மியப் போரிலும் பணி புரிந்தார். 1828-இல் காவிரி நீர்ப்பணிகளை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

அக்காலத்துத் தஞ்சையின் நிலை இரங்கத்தக்கது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஆறு இரண்டாகப் பிரியுமிடத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் சரிவு மிகுந்தும் இருந்தது. காவிரியின் வாயோ மணலால் தூர்ந்து மேடிட்டது. தாழ்ந்த வழியை நாடுவது நீரின் குணம். ஆகவே ஆண்டுதோறும் கொள்ளிடம் பெருகிக் கடலையடைய, காவிரி மெலிந்தது. மணலை வாரிக் கரையில் எறிவதும், மறு வெள்ளத்தில் அது மீண்டும் வந்து படிவதுமாகப் பணமும் உழைப்பும் வீணாயின.

இளைஞர் காட்டன் இதற்கு மருந்து தேடிச் சென்றது கல்லணைக்கு. அடியில் பாறையில்லாத ஆற்று மணலின்மேல் பெருஞ்சுவர் எவ்வாறு நிற்கும் என்பதே அவர் முன் நின்ற வினா. கரிகாலன் கட்டியதாக வழங்கும் அவ்வணையோ மணலின்மேல் கல்லைப் போட்டு, அது புதையப் புதைய மேலும் போட்டு, இறுதியில் அசையாத அடித்தளம் அமைந்தபின் எழுப்பப்பட்டதெனக் கண்டார். இந்த வித்தையை இந்நாட்டுப் பெயரறியாக் கொத்தரிடமிருந்தே தாம் கற்றதாகப் பிற்காலத்தும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். வென்ற நாட்டினர் தோற்ற நாட்டினரிடம் பாடம் கேட்டதாகச் சொல்லிக்கொள்வது அந்நாளில் எளிதன்று. அவருடைய அணைகளைக் காட்டிலும் இதனையே யான் பெரிதாக மதிப்பேன்.

1836-இல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. கொள்ளிடத்தின் வாயைக் குறுக்கே தடுத்துக் காவிரிக்கு நீரைத் திருப்பியது அது. தஞ்சைக்கு வாழ்வு வந்தது. ஆனால் மேலே தடுத்த நீர் கீழே எவருக்கோ உரியதன்றோ? கொள்ளிடத்தின் கடைப்பகுதியில் வாழ்ந்த தென்னார்க்காட்டு உழவர்க்கு இனி நீர் ஏது? ஒருவன் வயலை நனைக்க மற்றொருவன் வயலை உலர்த்தும் பிழையினைக் காட்டன் முன்னரே உணர்ந்திருந்தார். எனவே அக்காலத்திலேயே, ஏறக்குறைய எழுபது மைல் கீழே, இன்று அணைக்கரை எனப்படுமிடத்தில் கீழணையும் கட்டப்பட்டது. மேலே தப்பி வரும் வெள்ளமும் வடிகாலாகக் கசிந்து வரும் நீரும் அங்கே தேங்கி உயர்ந்து, வடக்கே வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன் வாய்க்காலுக்கும், தெற்கே தெற்கு ராஜன் வாய்க்காலுக்கும் பிரிந்தன. வீரநாராயணன் என்ற பெயர் பூண்ட முதற் பராந்தக சோழன் காலத்து ஏரிக்கு ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டு கழிந்து உறுதியான நீர்வரவு கிடைத்தது. சிதம்பரத்திலிருந்து கும்பகோணம் செல்லும் பேருந்து அணைக்கரையில் மெதுவாக ஊர்ந்து கடக்கையில், இப்பழங்கதையை நினைப்பவர் எத்துணையரோ!

அவர் பணி குற்றமற்றதன்று. மேலணை தன் வேலையை அளவுக்கு மிஞ்சியே செய்தது. முன்பு மெலிந்திருந்த காவிரி இப்பொழுது தன் படுகையை அரித்து ஆழமாக்கிற்று; கொள்ளிடம் மேடிடத் தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தியும், காவிரியின் வாயில் குறுக்குச் சுவரிட்டும் சமன் செய்ய வேண்டியதாயிற்று. ஆற்றின் கணக்கை ஒரே தடவையில் போட்டு முடிக்க எவராலும் இயலாது போலும்.

கோதாவரியின் தவளேசுவரத்தில் 1847 முதல் 1852 வரை அவர் எழுப்பிய அணையே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. பஞ்சத்தால் பாழ்பட்டிருந்த அந்நிலம் நெற்களஞ்சியமாயிற்று. அவருக்கு ஆங்குச் சிலைகளும் உள. ஆந்திர நாட்டார் அவரை நன்கறிவர். காவிரிக் கரையினராகிய நாம் மறந்தோம்.

1861-இல் சர் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. அரசினர் இருப்புப்பாதைக்குப் பொருளை வாரியிறைத்து வாய்க்கால்களைப் புறக்கணிப்பதாக வாதாடினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது அவ்வாதம் மேலும் சூடேறிற்று. பாராளுமன்றக் குழுவின் முன் நின்று விடையளிக்கவும் நேர்ந்தது. எதிரிகள் சொன்னதிலும் சிறிது உண்மையுண்டு: அவர் ஊக்குவித்த கர்நூல்–கடப்பைக் கால்வாய் போட்ட முதலைத் திருப்பித் தரவில்லை. நீரினால் எல்லாம் கூடும் என்ற நம்பிக்கை அவரைச் சிலபோது கணக்கை மறக்கச் செய்தது.

முதுமையில் டார்க்கிங் என்னும் ஊரில், தம் வீட்டு நிலத்தை ஆழக் கிளறிக் கோதுமை விதைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். ஆறுகளை அளந்த கண்கள் கடைசியில் ஒரு சாண் மண்ணை உற்று நோக்கின. இன்று மண்ணின் ஈரத்தை அளக்கக் கருவியை வேரடியில் நட்டு, வேண்டிய அளவே நீர் விடும் முறை வந்துள்ளது. அதனைக் காண அவர் உயிரோடிருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பார்! 1899-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில் அவர் உயிர் நீத்தார்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. அருகே புதிய அணை எழுந்தது. வீராணத்து நீரில் ஒரு பங்கு 2004 முதல் குழாய் வழியே சென்னை மாநகர்க்குச் செல்கின்றது. கோடையில் ஏரி வற்றும்போது, மேலே தடுத்த நீர் கீழே எவருக்கு உரியது என்ற பழைய வினாவை, வடக்கு ராஜன் வாய்க்காலின் கடைமடை உழவர் இன்றும் கேட்டுக்கொண்டே மடை திறக்கக் காத்திருக்கின்றனர்.